பதினைந்தாம் நாளிலேயே நின்ற வீடு

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் நின்றால் போதும், யாராவது ஒருத்தர் வந்து பிடித்துக்கொள்வார்கள். "அக்கா, நீங்கதானே அந்த செத்துப்போன அம்மா? ஒரே ஒரு வாட்டி 'இன்னாயா'ன்னு சொல்லுங்கக்கா" என்று போனை முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். நான் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். திமிர் பிடித்தவள் என்று பேர் வாங்கியாகிவிட்டது. இருந்துவிட்டுப் போகட்டும். அந்தக் குரல் என்னுடையது இல்லை. அதை நான் ஏன் விட்டேன் என்று சொல்வதானால் கோபியைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

என் பேர் ஜாஸ்மின். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷன் சூப்பர்வைசர். எண்பது மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பதினெட்டு வருஷத்தில் என் தொண்டை ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் உப்பு கேட்டால்கூட சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்பார் என் வீட்டுக்காரர். அவருக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை. எஞ்சின் சத்தத்துக்குப் பழகின ஆள் என்பதால் தாக்குப்பிடிக்கிறார்.

கோபி எங்கள் கம்பெனி டிசைன் ரூமில் இருந்தான். வெளிநாட்டிலிருந்து ஒரு ஷூவின் போட்டோ வரும். அதைப் பார்த்து, முன்பக்கம் ஒரு துண்டு, குதிகாலுக்கு இரண்டு துண்டு, நாக்கு ஒரு துண்டு என்று கம்ப்யூட்டரில் பிரித்து வரைந்து கொடுப்பது அவன் வேலை. முப்பத்தொரு வயசு. கல்யாணம் ஆகவில்லை. கேன்டீனில் தட்டை எடுத்துக்கொண்டு நேராக ஓரத்து மேஜைக்குப் போய்விடுவான். பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவான். ஒரு நாள் அவனே என் எதிரில் வந்து உட்கார்ந்து, "அக்கா, என்னைக் கொஞ்சம் திட்டுங்களேன்" என்றான்.

பதினெட்டு வருஷத்தில் அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்காமலேயே கொடுத்துத்தான் பழக்கம். என்ன தப்பு பண்ணினே என்று கேட்டேன். ஒன்றும் பண்ணவில்லை, சும்மா திட்டுங்கள் என்றான். திட்டினேன். போனில் பதிவு செய்துகொண்டு போனவன், மறுநாள் தன் கம்ப்யூட்டரில் ஒரு படம் காட்டினான். தலைமுடியிலிருந்து மெலிதாகப் புகை வந்துகொண்டிருக்கும் ஒரு அம்மா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் குரலில் திட்டிக்கொண்டிருந்தாள். வாய் அசைவு அப்படியே பொருந்தியிருந்தது. நான் சிரித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன்.

அப்படி ஆரம்பித்ததுதான் 'பதினஞ்சாம் நாள்'. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அது நெட்டில் வந்த கார்ட்டூன்தான், ஆனால் பிள்ளைகளுக்கு இல்லை. ஒரு வீடு. அந்த வீட்டு அம்மா செத்துப்போய்ப் பதினைந்து நாள் ஆகிறது. மறுநாள் காரியம். காரியம் முடிந்துவிட்டால் அம்மா போய்விடுவாள். போய்விட்டால் சமைப்பது யார், துணி துவைப்பது யார்? அதனால் அந்தக் குடும்பம் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக் காரியத்தைத் தள்ளிப்போடும். ஒரு எபிசோடில் ஐயருக்கு வயிற்றுப்போக்கு. இன்னொன்றில் பாலாற்றில் தண்ணீர் வந்தால்தான் காரியம் என்று முடிவு பண்ணுவார்கள். அது எப்போது வரும்? இன்னொன்றில் சோறு எடுக்க வந்த காக்கா, என்ன பொரியல் என்று கேட்டுவிட்டுப் பறந்துவிடும். எத்தனை எபிசோடு போனாலும் அந்த வீட்டில் அன்றைக்குப் பதினைந்தாம் நாள்தான். செத்த அம்மா திட்டிக்கொண்டே தோசை சுடுவாள்.

மற்றவர்களும் சாமானியப்பட்டவர்கள் இல்லை. மகனுக்குத் தலை இருக்கிற இடத்தில், ஷூ மாட்டி வடிவம் பார்க்கிற பிளாஸ்டிக் கால் அச்சு. வீட்டு நாய்க்குப் பதிலாக ஒரு ஆட்டுத்தோல். ஆடு கிடையாது, தோல் மட்டும். வாலை ஆட்டும், கூப்பிட்டால் வழுக்கிக்கொண்டு வரும். அப்பாவுக்கு மூக்கு கிடையாது. மூக்கு இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருக்கும். கண்ணாடி நிற்காது என்பதால் எலாஸ்டிக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார். செத்தவளுக்கு ருசி தெரியாது, அப்பாவுக்கு வாசனை தெரியாது. சாம்பார் கெட்டுப்போனதா இல்லையா என்று இரண்டு பேரும் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். கடைசியில் ஆட்டுத்தோலை மோந்து பார்க்கச் சொல்வார்கள். அந்த இடத்துக்கு மேல்விஷாரத்திலிருந்து ஜோலார்பேட்டை வரைக்கும் சிரிக்காத ஆள் கிடையாது.

அந்த அப்பாவுக்குக் குரல் கொடுத்தது எங்கள் ஸ்டோர் கீப்பர் தன்சீல் அகமது பாய். பதிவு நடந்ததும் அவருடைய லெதர் ஸ்டோரில்தான். நாலு பக்கமும் ஆள் உயரத்துக்குத் தோலை அடுக்கியிருந்தால், உள்ளே பேசுகிற பேச்சு சுவரில் மோதித் திரும்பாது. காசு கொடுத்துக் கட்டுகிற ஸ்டுடியோவில்கூட அப்படி அடங்காது என்பான் கோபி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் அந்தத் தோல் வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து செத்தவளையும் மூக்கில்லாதவனையும் பேசவைத்தோம்.

ஒன்றுதான் எனக்கு எரிச்சல். தன்சீல் பாய் எப்படிப் பேசினாலும் கோபி சரி என்றுவிடுவான். என்னை மட்டும் விடமாட்டான். "இன்னாயா"வில் அந்த 'யா' கீழே இறங்கணும் அக்கா, மேலே ஏறக்கூடாது என்பான். இருமிவிட்டுப் பேசுங்கள் என்பான். கோபம் வந்தால் சத்தம் குறையணும், கூடக்கூடாது என்பான். ஒரே வார்த்தையை நாற்பது தடவை சொல்ல வைத்திருக்கிறான். கடுப்பாகி, உனக்கு எப்படித்தான்டா வேணும் என்று ஒரு நாள் பேப்பரை வீசினேன். அவன் குனிந்து பொறுக்கி எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, "கிட்ட வந்துட்டோம்க்கா, இன்னும் கொஞ்சம்தான்" என்றான். எதற்குக் கிட்ட என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒன்பதாவது எபிசோடு வந்த வாரம். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால், கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். அறுபது வயசுக்கு மேல். வலது முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் தீக்காயத் தழும்பு. வாட்ச்மேன் என்னைக் கைகாட்டினதும் கிட்ட வந்தார். பேர் பஞ்சாட்சரம் என்றார். கொஞ்சம் பேசும்மா என்றார்.

என்ன பேசுவது, நீங்கள் யார் என்று நான் என் வழக்கமான தொண்டையில் கேட்டேன். அவர் முகம் விழுந்துவிட்டது. பிறகு, கார்ட்டூனில் பேசுகிற மாதிரி பேசச் சொன்னார். ரசிகர் போல என்று நினைத்து, "இன்னாயா, மரம் மாதிரி நின்னுக்கினே இருக்கே" என்று எடுத்துவிட்டேன். அவர் அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கவில்லை.

"சுந்தரி கொரலு" என்றார். "என் சம்சாரம். கோபி என் பையன்மா."

ரோட்டோரத்தில் உட்கார்ந்தபடியே அவர் சொன்னதையும், பிறகு கோபி சொன்னதையும் சேர்த்துத்தான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. வீடு துத்திப்பட்டுப் பக்கம். பஞ்சாட்சரம் முப்பத்திரண்டு வருஷம் தோல் ஷாப்பில் டிரம் ஓட்டினவர். பச்சைத்தோலைச் சுண்ணாம்பிலும் மருந்திலும் போட்டு உருட்டுகிற பெரிய மர டிரம். அந்த வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவன் முதல் வாரம் வாந்தி எடுப்பான், சோறு இறங்காது. ஒரு மாசம் போனால் நாற்றம் தெரியாமல் போய்விடும். அன்றைக்குப் பழைய ஆட்கள் டீ வாங்கிக் கொடுத்து, நீ பாஸ் என்பார்கள். அப்படிப் பாஸானவர்களில் யாருக்காவது மல்லிகைப்பூ வாசனையும் சேர்ந்தே போய்விட்டால், அதை ஒரு வியாதி என்று யாரும் நினைத்ததில்லை. பஞ்சாட்சரமும் நினைக்கவில்லை. வீட்டுக்கு மூக்காக இருக்க சுந்தரி இருந்தார். பால் கெடப்போவதை வாசலில் நின்றே சொல்லிவிடுவாராம்.

ஒரு நாள் சாயந்திரம் சுந்தரி கடைக்குப் போயிருந்தபோது கேஸ் டியூப் கழன்றுகொண்டது. பஞ்சாட்சரம் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் அந்த கேஸுக்குள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறார், தெரியவில்லை. சுந்தரி திரும்பி வந்து சமையல்கட்டுக்குள் போனதும் பற்றிக்கொண்டது. மூன்று நாள் சுந்தரி வேலூரில் ஆஸ்பத்திரியில் இருந்தார். வாக்குமூலம் வாங்க வந்த அதிகாரியிடம், டீ போடலாம் என்று நான்தான் அடுப்பைப் பற்றவைத்தேன் என்று சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்ற கோபியும் கேட்டிருக்கிறான். மூன்றாம் நாள் போய்விட்டார்.

பதினைந்தாம் நாள் காலையில் பஞ்சாட்சரம் மகனுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். பால் கெட்டுப்போயிருந்தது. ஒரு வாய் குடித்த கோபி டம்ளரைச் சுவரில் அடித்தான். உன் மூக்குதான் எங்கம்மாவைக் கொன்றது என்றான். உறவுக்காரர்கள் இருபது பேர் முன்னால் சொல்லிவிட்டு வீட்டை விட்டுப் போனவன், மறுநாள் காரியத்துக்கு வரவில்லை. ஒரே பிள்ளை. ஐயர் மத்தியானம் வரைக்கும் காத்திருந்தார். நீங்களே செய்துவிடுங்கள் என்று உறவுக்காரர்கள் எடுத்துச் சொன்னார்கள். பஞ்சாட்சரம் அசையவில்லை. அவன் வரட்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவர், ஒன்றரை வருஷமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நியாயமாகப் பார்த்தால், தன்னை மூக்கில்லாமல் வரைந்து ஊரைச் சிரிக்கவைத்த பிள்ளை மேல் அவருக்குக் கோபம் இருக்கவேண்டும். நான் கேட்டேன். சரியாகத்தானே வரைந்திருக்கிறான் என்றார். பக்கத்து வீட்டுக்காரரின் போனில் ஒவ்வொரு எபிசோடையும் நாலைந்து தடவை பார்ப்பாராம். பார்ப்பதுகூட இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்பாராம். கடைசியாக ஒன்று கேட்டார்.

"நீ சொன்னா கேப்பான்மா. ஒரே ஒரு நாள் வந்து காரியத்த முடிச்சிட்டுப் போவச் சொல்லு. அவ போவ முடியாம நின்னுக்கினு இருக்கா."

திங்கட்கிழமை காலையில் நேராக டிசைன் ரூமுக்குப் போனேன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. எரிந்துபோன ஒரு பெண்ணின் குரலைச் சொல்லாமல் கொள்ளாமல் என் தொண்டையில் ஊற்றி, ஊரைச் சிரிக்கவைத்திருக்கிறான். நானும் சிரித்திருக்கிறேன். அந்தத் தலைமுடிப் புகையைப் பார்த்து முதலில் சிரித்தவளே நான்தான். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் மவுஸைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கேட்டான்.

பிறகு, அம்மா குரல் தன்னிடம் எதிலும் பதிவாகி இல்லை என்றான். போன் மாற்றும்போது எல்லாம் போய்விட்டது. மறந்துகொண்டே வந்தது, பயமாக இருந்தது, அன்றைக்கு கேன்டீனில் நீங்கள் யாரையோ பார்த்துக் கத்தினபோது ஒரு வார்த்தை அப்படியே அம்மா மாதிரி இருந்தது என்றான். அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை. அப்பாவைப் போய்ப் பார் என்றேன். முடியாது என்றான். பாலை மோந்து பார்க்கத் தெரியாதவர் என்றால் மன்னிக்கலாம், முக்கால் மணி நேரம் கேஸில் உட்கார்ந்திருந்தவரை எப்படி மன்னிப்பது என்றான். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, அம்மாவுக்கு அவ்வளவு கூர்மையான மூக்கு, அன்றைக்கு மட்டும் எப்படித் தெரியாமல் பற்றவைத்தது என்றுதான் புரியவில்லை, சளி பிடித்திருந்தது போல என்றான்.

தொடரை முடித்துவிடப்போகிறேன் என்று அடுத்த மாதம் கடைசி எபிசோடை எழுதிக் கொடுத்தான். படித்துப் பார்த்தேன். மகன் ஒரு வழியாகக் காரியத்தைச் செய்துவிடுகிறான். அம்மா கிளம்பிப் போய்விடுகிறாள். எல்லாரும் போய்விடுகிறார்கள், ஆட்டுத்தோல்கூட. அப்பாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்குக் கெட்டுப்போன சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே, சுந்தரி, சுந்தரி என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அதோடு முடிகிறது. ஒன்பது மாதமாக கார்ட்டூனில் பேர் இல்லாமல் இருந்த அம்மாவுக்கு அன்றைக்குத்தான் பேர் வைத்திருந்தான்.

சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. அடிப்பதற்குத்தான் இருந்தது. அந்த அடி யாருக்கு என்று எனக்குத் தெரியும். துத்திப்பட்டில் பக்கத்து வீட்டு போனில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கப்போகிற மனுஷனுக்கு.

அந்தச் சமயம் பார்த்துத் தன்சீல் பாய், எத்தியோப்பியாவில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அப்பாவுக்குக் குரல் இல்லை. ஆள் நான் கூட்டிவருகிறேன் என்று கோபியிடம் சொன்னேன். யார் என்று சொல்லவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால், எந்த தைரியத்தில் செய்தேன் என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஞ்சாட்சரத்தை ஆட்டோவில் கூட்டிவந்தேன். சலவைச் சட்டை போட்டு, தலையை எண்ணெய் வைத்து வாரியிருந்தார். ஸ்டோர் வாசலில் நின்று உள்ளே மூச்சை இழுத்துப் பார்த்தார். தோல் வாசனை அடிக்குதாம்மா என்று கேட்டார். அடிக்கிறது என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

கோபி ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மைக்கைச் சரி பண்ணிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். என்னைப் பார்த்தான். எழுந்து போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, இரண்டு பேப்பரை மேஜையில் தள்ளிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டான். சரி, நடிக்க வந்த ஆள் என்றால் நடிக்கட்டும் என்கிற மாதிரி இருந்தது அந்த முதுகு.

பஞ்சாட்சரம் பேப்பரைக் கண்ணாடிக்குக் கிட்ட வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். நன்றாகத்தான் பேசினார். தன்சீல் பாயைவிட நன்றாகவே பேசினார் என்று சொல்லவேண்டும். "சாம்பாரு ஊசிப்போச்சா, நல்லா கீதா, எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்று அவர் இழுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டேன். அடுத்தது என் வரி. சுந்தரியின் குரலில், கோபி சொல்லிக்கொடுத்தபடி, 'யா'வைக் கீழே இறக்கிச் சொன்னேன்.

"உனக்கு இன்னாதான்யா தெரியும்?"

பெரியவர் பேப்பரை மேஜையில் வைத்தார். அடுத்த வரி அவருடையது. சொல்லவில்லை. நான் பேப்பரைத் தொட்டுக் காட்டினேன். அவர் பேப்பரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"ஃபேன போட்டது நான்தான், சுந்தரி" என்றார்.

கோபியின் முதுகு அசையவில்லை. லேப்டாப்பில் பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பதிவாகிக்கொண்டிருந்தது.

"நீ வாசல்லயே கண்டுக்கினே. கேஸு நாறுதுன்னு கத்திக்கினே சிலிண்டர மூட ஓடினே. எனக்கு நாத்தம் தெரியல, நீ கத்தினதுதான் தெரிஞ்சுது. தோல் ஷாப்புல டிரம்மு தொறந்து கேஸு கெளம்பினா மொதல்ல ஃபேன போடுன்னுதான் சொல்லுவாங்க. அப்பறம்தான் மத்தது. முப்பத்திரண்டு வருசமா அதான் பண்ணேன். கை தானா சுவிச்சுக்குப் போய்டுச்சு. சுவிச்சு போட்டதும்தான் பத்திக்கிச்சு. நீ அடுப்பத் தொடவே இல்ல."

தழும்பு விழுந்த கையை மேஜை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னார். அதிகாரி வந்தபோது அவரும் வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்திருக்கிறார். சுந்தரி அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, நான்தான் பற்றவைத்தேன் என்று சொல்லியிருக்கிறார். இல்லை என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, பதினைந்தாம் நாள் கோபி கத்தினபோதும் வரவில்லை. மூக்கைத்தானே சொல்கிறான், கையைச் சொல்லவில்லையே என்று இருந்துவிட்டாராம்.

நான் கோபியைப் பார்த்தேன். அவன் மேஜையிலிருந்த பேட்டர்ன் அட்டை ஒன்றை இழுத்து, தோலில் குறிபோடுகிற சில்வர் பேனாவால் எதையோ எழுதினான். எழுதும்போது அட்டை மேல் சொட்டியது. துடைத்துவிட்டு எழுதினான். திரும்பி என் பக்கம் நீட்டினான். அப்பாவைப் பார்க்கவில்லை. படியுங்கள் என்று என்னிடம் சைகை காட்டினான்.

படித்தேன். இருமிவிட்டு, கோபம் வந்தால் சத்தத்தைக் குறைத்து, எப்படி நாற்பது நாற்பது தடவை சொல்லவைத்தானோ அப்படியே.

"யோவ். நான்தான்யா பத்த வெச்சேன். ஆபீசருகிட்டயே சொல்லிட்டேன் இல்ல? இப்ப வந்து நீ இன்னாத்துக்கு மாத்திப் பேசறே?"

பெரியவர் இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். சத்தம் போட்டுத்தான் அழுதார். ஆனால் அந்தத் தோலெல்லாம் சேர்ந்து அதை உறிஞ்சிக்கொண்டது. வாசலில் நிற்கிறவனுக்குக்கூடக் கேட்டிருக்காது. கோபி ஹெட்போனைக் கழற்றி வைத்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அப்பாவின் பக்கத்தில் வைத்தான்.

"தண்ணி குடி நைனா" என்றான்.

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவரிடம் பேசின முதல் வார்த்தை அது. மன்னித்தானா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. அம்மா எதை மறைத்துவிட்டுப் போனாரோ அதை அவனும் மறைத்துவிட்டான், அவ்வளவுதான் தெரியும். அன்றைய பதிவை என் கண் முன்னாலேயே அழித்தான். கடைசி எபிசோடு வரவே இல்லை. எப்போது வரும் என்று இன்னும் வீடியோவுக்குக் கீழே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கார்ட்டூனில் அந்த வீட்டுக்கு இன்னமும் பதினைந்தாம் நாள்தான்.

நிஜத்தில் பதினாறாம் நாள் அடுத்த அமாவாசையன்று நடந்தது. பாலாற்றங்கரையில். ஆற்றில் தண்ணீர் கிடையாது, மணலும் முள்ளும்தான். கேன் தண்ணீர் மூன்று வாங்கிக்கொண்டு போனார்கள். கோபி ஒரு எபிசோடில் வரைந்திருந்த காட்சியேதான், ஆனால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆட்டோவை விட்டு இறங்கி, வந்துவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பஞ்சாட்சரம் வேகமாகக் கிட்ட வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"தப்பா நெனச்சுக்காதம்மா. இன்னிக்கு நீ வாயத் தொறக்காத. உன் சத்தம் கேட்டா அவ திரும்பிப் பாத்துடுவா."

நான் தலையாட்டினேன். மொட்டை போட்டுக்கொண்ட கோபி, ஐயர் சொல்லச் சொல்லப் பிண்டம் வைத்தான். கேன் தண்ணீரில் கரைத்தார்கள். காக்காய்க்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். வந்தது, எடுத்தது. கோபி அப்போதுதான் வாய்விட்டு அழுதான். அவன் முதுகில் கை வைக்கலாமா வேண்டாமா என்று பஞ்சாட்சரம் அந்தத் தழும்புக் கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார், மறுபடி நீட்டினார். மூன்றாம் தடவை வைத்தார். கோபி அதைத் தட்டிவிடவில்லை.

வீட்டில் பந்தி போட்டார்கள். பஞ்சாட்சரம் எனக்கு எதிரில் உட்கார்ந்தார். என் இலையில் உப்பு வைக்க மறந்துவிட்டார்கள். கேட்கலாம் என்று அவரைப் பார்த்தேன். காக்கா எடுத்துவிட்டது, காரியம் முடிந்தது, இனிமேல் பேசலாம்தானே என்று கையால் கேட்டேன். அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் இலையிலிருந்த உப்பில் பாதியை எடுத்து என் இலையில் வைத்தார்.

"இப்பதான் கெளம்பியிருக்கா. இன்னும் கொஞ்சம் தூரம் போவட்டும்மா" என்றார்.

நான் சாப்பிட்டு முடித்து இலையை மூடுகிற வரைக்கும் பேசவில்லை.